மகனின் மூளைக்காகக் காப்பை அடைவு வைக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆறு பக்கம், கையால் எழுதியது. பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூத்த மகனுக்கு 17 வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. வருட முடிவில் பரீட்சை. சாதாரண தரத்தில் எட்டு ஏ, ஒரு பி எடுத்தவன். ஏழெட்டு மாதமாகப் பிள்ளை மாறிவிட்டான் என்கிறார். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். சொல்வது காதில் ஏறுவதில்லை. தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு 38 புள்ளி. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ரொறன்ரோவிலிருந்து மாமா அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து, 'டோபமைன் விரதம்' என்று, அதாவது டோபமைன் என்ற மூளை இரசாயனத்தை மீட்கவென்று, மூன்று வாரம் போனைப் பறித்து வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் பிள்ளை யாருடனும் கதைக்கவில்லை. ரியூஷன் வகுப்புக் குறிப்புகள் எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று, 'மூளை வரைபடம்' எடுக்கும் ஒரு தனியார் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, பதினைந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொல்லி, சிவப்பும் நீலமுமாக ஒரு படம் கொடுத்தார்கள். கூடவே தீர்ப்பும்: தீட்டா என்ற மெதுவான மூளை அலை அதிகம், டோபமைன் குறைவு, ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டு நிலை இருக்கிறது, 'வலது மூளைப் பிள்ளை' என்பதால் கணிதம் ஒத்துவராது. பரிகாரமாக 40 அமர்வுகள். அமர்வுக்கு 7,500 ரூபா, ஆகமொத்தம் 3 இலட்சம். 25,000 முற்பணம் கட்டியாயிற்று. மிச்சத்துக்குத் தன் காப்பு இரண்டையும் அடைவு வைக்கலாமா என்று கேட்கிறார். கணவருக்கு வேறு கொள்கை: "25 வயசு வரைக்கும் மூளை முழுசா வளராதாம். அதுவரைக்கும் நாங்கதான் அவன்ட மூளையா இருக்க வேணும்."

நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி. நிலையத்திலிருந்து திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மகன் சொன்னானாம்: "என்னைக் கேக்காம என்ட தலையைப் படம் பிடிச்சிட்டீங்க." அதற்குத் தான் என்ன பதில் சொன்னார் என்று தாய் எழுதவில்லை.

அன்புள்ள சகோதரி,

காப்பை அடைவு வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பந்தி வரைக்கும் உங்களைக் காக்க வைக்கக் கூடாது.

நீங்கள் ஏமாந்துவிட்டதாக நினைத்து வெட்கப்படவும் வேண்டாம். மூளை பற்றிய ஆராய்ச்சி இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் பாய்ந்து போயிருக்கிறது என்பது உண்மை. பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில் நுண்ணிய மின்வாய்களைப் பதித்து, அவர் சொல்ல முயலும் வார்த்தைகளைக் கணினி வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் அப்படியொருவரைப் பற்றிய அறிக்கை 2024இல் வெளியானது. இப்படிப்பட்ட செய்திகளுக்கு நடுவில், ஒரு தொப்பியை மாட்டி மகனுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். நான் மனநல வைத்தியர். என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இப்போது கையில் ஏதோ ஒரு வண்ணப் படத்தோடுதான் வருகிறார்கள்.

ஆனால் அதே விஞ்ஞானம் இன்னொன்றையும் சொல்கிறது. 2024 ஒக்டோபரில் ஒரு பழ ஈயின் மூளை முழுவதற்கும் இணைப்பு வரைபடம் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 1,40,000 நரம்புக் கலங்கள், 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். பல நாட்டு ஆய்வுகூடங்கள் வருடக்கணக்கில் உழைத்து முடித்த வேலை. 2025இல் எலியின் மூளையில் ஒரு கன மில்லிமீற்றர் துண்டை, ஒரு மணல் பருக்கை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதேபோல வரைந்து முடித்தார்கள்; அந்தப் பருக்கைக்குள் மட்டும் 50 கோடிக்கு மேல் இணைப்புகள். உங்கள் மகனின் தலைக்குள் இருப்பது சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள். அதைப் பதினைந்து நிமிடத்தில் வாசித்துவிட்டோம் என்கிறார்கள்.

அந்தப் படம்

நீங்கள் அனுப்பிய பிரதியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மேலிருந்து பார்த்த தலை, மூக்குக்கு ஒரு முக்கோணம், நெற்றிப் பக்கம் சிவப்பு. இது ஈ.ஈ.ஜி. என்ற பரிசோதனையிலிருந்து கணினி தயாரித்த படம். ஈ.ஈ.ஜி. பொய்யான கருவி இல்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் பேர்கர் என்ற மனநல வைத்தியர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்தார். பல பதிவுகளுக்குத் தன் மகனின் தலையைத்தான் பயன்படுத்தினார் என்பது ஒரு வேடிக்கை. வலிப்பு நோயைக் கண்டறிய இன்றைக்கும் எங்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

ஈ.ஈ.ஜி. அளப்பது மூளையின் மேற்பரப்பில் இலட்சக்கணக்கான கலங்கள் சேர்ந்து எழுப்பும் மின்னழுத்தத்தை. டோபமைன் ஒரு இரசாயனம். அது குறைவா, கூடவா என்று ஈ.ஈ.ஜி.யில் தெரியாது. 'கொஞ்சமாகத் தெரியும்' என்றுகூடச் சொல்ல வழியில்லை. தராசில் ஏறி நின்று சீனி வருத்தத்தைக் கண்டுபிடித்தேன் என்பது போன்ற கதை இது. இந்த ஒரு வசனத்துக்காகவே அந்த அறிக்கையை நான் சந்தேகித்திருப்பேன்.

தீட்டா அலை விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் தீட்டா அலை கூடுதலாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் 2013இல் அதற்கு ஒரு கருவியும் துணைப் பரிசோதனையாக அனுமதி பெற்றது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் மங்கிப்போனது. வழக்கமான வைத்தியப் பரிசோதனைக்குப் பதிலாக அதை வைத்து ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்யக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் அக்கடமி 2016இல் அறிவுறுத்தியது.

தீட்டா அலை வேறெப்போது கூடும் தெரியுமா? தூங்கி விழும்போது. கண் சொக்கத் தொடங்கும் அந்த இடைவெளியில், ஓய்வாக விழித்திருக்கும்போது வரும் அல்ஃபா அலை கலைந்து தீட்டா தலைதூக்கும். மருத்துவக் கல்லூரியில் முதலில் படிக்கும் பாடம் அது. உங்கள் மகனை நீங்கள் கூட்டிப்போனது ஞாயிறு பின்னேரம். அன்று காலை 7 மணிக்கு அவனுக்கு ரியூஷன் இருந்தது, மத்தியானம் 1 மணிக்குத்தான் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன நேரமில்லாமல் பணிஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளிரூட்டிய அறையில், மெத்தை வைத்த கதிரையில், கண்ணை மூடியிரு என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? அசல் பதிவைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு நிறம் அரைத்தூக்கத்தின் நிறமாக இருக்க நிறைய இடமுண்டு.

வண்ணப் படங்களைப் பற்றி ஒரு கதை. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் செத்த சமன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று 'கேட்டார்கள்'. புள்ளிவிபரத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, மீனின் மூளையில் 'செயற்பாடு' தெரிந்தது. செத்த மீன் யோசிக்கிறது! தங்கள் துறையில் நடக்கும் கவனயீனத்தைக் காட்டத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இன்னும் அடக்கமாக்கியது: ஒருவரின் மூளைப் படத்துக்கும் அவருடைய அறிவாற்றல், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, அதை நம்பகமாகக் காணவே ஆயிரக்கணக்கானவர்களின் படங்கள் வேண்டும். கூட்டத்தின் சராசரியில் மங்கலாகத் தெரியும் ஒன்றை, ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட முடியாது.

ஏ.டி.எச்.டி. என்பது உண்மையான நிலை. சரியாகக் கண்டுபிடித்தால் நல்ல சிகிச்சையும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது பிள்ளையோடும் பெற்றோரோடும் கதைத்து, பாடசாலை அறிக்கைகளைப் பார்த்து. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பாடசாலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் மகன் சின்ன வயதில் 'ஒரு இடத்தில் இருந்து லெகோ கட்டினால் சாப்பாட்டுக்கும் எழும்ப மாட்டான்' என்கிறீர்கள், வகுப்பாசிரியர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை என்கிறீர்கள். விருப்பமான ஒன்றில் மூழ்குவது ஏ.டி.எச்.டி. பிள்ளைகளிடமும் உண்டு; ஆகவே லெகோவை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் 16 வயது வரைக்கும் எங்குமே தலைகாட்டாமல், ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று தொடங்கியது என்றால், நான் முதலில் வேறு இடங்களில்தான் தேடுவேன்.

40 அமர்வுகள்

அவர்கள் தரப்போவது நியூரோஃபீட்பக். திரையில் ஒரு பட்டையோ விளையாட்டோ ஓடும். மூளை அலை 'சரியாக' இருந்தால் பட்டை உயரும். மூளையைப் பழக்கலாம் என்ற அடிப்படைக் கருத்தில் பிழையில்லை. இலண்டன் டாக்ஸி ஓட்டுநர்களை ஆராய்ந்த பழைய ஆய்வு ஒன்று உண்டு, 2000இல் வந்தது: ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த அவர்களுக்கு, இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அவர்கள் தேர்ந்தது இலண்டன் தெருக்களில். புறக்கோட்டைக் குறுக்குத் தெருவெல்லாம் அத்துப்படியான ஓட்டோ அண்ணருக்கு அதனால் இரசாயனவியல் வந்துவிடுவதில்லை. மூளை எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறும். பட்டையை உயர்த்தப் பழகினால் பட்டை உயரும்.

ஏ.டி.எச்.டி.க்கு நியூரோஃபீட்பக் எவ்வளவு உதவுகிறது என்று 38 பரிசோதனைகளை, சுமார் 2,500 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. சிகிச்சை கிடைத்ததா இல்லையா என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது, சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. ஏ.டி.எச்.டி. உறுதியானவர்களுக்கே நிலைமை இது. அமர்வால் மகனுக்கு உடம்பில் கெடுதி வந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. பயம் வேறு: வாரம் மூன்று பின்னேரம் அதற்குப் போகும், 3 இலட்சம் போகும், உண்மையான காரணத்தைத் தேடும் வேலை பரீட்சை வரைக்கும் தள்ளிப்போகும்.

டோபமைன் என்ற வில்லன்

மாமாவின் மீது கோபப்படாதீர்கள். உலகமே அந்த வீடியோக்களைத்தான் பார்க்கிறது. ஆனால் டோபமைன் 'இன்ப இரசாயனம்' என்பதும், போன் பார்த்தால் அது தீர்ந்துபோகும், விரதமிருந்தால் நிரம்பும் என்பதும் ஆய்வுகூடத்தில் கண்ட கதை அல்ல. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு, 1997இல் எழுதப்பட்ட கட்டுரையோடு புகழ்பெற்றது. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் கலங்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், சாறு வரும்போது துடிப்பதில்லை. விளக்கு எரியும்போதே துடிக்கும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளைக்குச் சொல்லும் சமிக்ஞை அது, கற்றுக்கொள்ள உதவுகிறது. டோபமைன் கலங்கள் உண்மையிலேயே பெருமளவில் அழிந்தால் வருவது பார்கின்சன் நோய்: நடுக்கம், உடல் இறுக்கம், நடை தளர்வு.

போன் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அடுத்து என்ன வருமோ என்ற அந்த நிச்சயமின்மை எவரையும் இழுத்து வைக்கும். இந்தக் கடிதத்தை எழுதும்போது நானே நாலு தடவை போனை எடுத்துவிட்டேன். ஆனால் மூன்று வாரம் பறித்து வைப்பதால் இரசாயனம் எதுவும் திரும்ப நிரம்பாது. பறித்ததில் போனது வகுப்புக் குறிப்பும், நண்பர்களும், உங்கள்மேல் இருந்த நம்பிக்கையும். இரவு பத்தரைக்குப் போன் ஹோலில் சார்ஜ் போடப்பட வேண்டும், உங்களுடையதும் அப்பாவுடையதும் உட்பட, இவ்வளவு போதும்.

25 வயதும் வலது மூளையும்

உங்கள் கணவர் சொல்வதில் அரைவாசி சரி. திட்டமிடல், அடக்கம் இவற்றுக்குரிய முன்மூளைப் பகுதி கடைசியாக முதிர்பவற்றுள் ஒன்று. ஆனால் 25 என்பது எந்த ஸ்கேனிலும் எழுதியிருக்கும் வயது அல்ல. அந்தக் கருத்தைப் பரப்பிய ஆய்வுகளில் பிரபலமான ஒன்று, 2004இல் வந்தது, 13 பிள்ளைகளை 4 வயது தொடங்கி 21 வயது வரைதான் பார்த்தது. 2022இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தபோது, நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதி ஏறக்குறைய 29 வயதுவரை கூடிக்கொண்டே போவது தெரிந்தது. 2025 இறுதியில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளையின் இணைப்பமைப்பில் 9, 32, 66, 83 வயதுகளைத் திருப்பங்களாகச் சொன்னார்கள். எல்லாம் சராசரி. எந்த வயதிலும் ஒரு கதவு திறப்பதில்லை. உங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது 22 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்கள் மூளையாக யார் இருந்தார் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

11 நாடுகளில் செய்த ஓர் ஆய்வில், நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் 16 வயதளவில் பெரியவர்களின் மட்டத்துக்கு வந்துவிடுவது தெரிந்தது. உணர்ச்சி கொதிக்கும்போது அடக்கிக்கொள்ளும் முதிர்ச்சிதான் பிந்தி வருகிறது. ஆகவே எந்த ரியூஷனை விடுவது, எந்நேரம் படிப்பது என்பதை மேசையில் அமைதியாக இருந்து அவனோடு பேசித் தீர்மானிக்கலாம். இரவு ஒரு மணிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது. அந்நேரத்தில் அப்பாவின் முன்மூளையும் பெரிதாக வேலை செய்யாது.

'வலது மூளைப் பிள்ளை' என்று ஒரு வகை இல்லை. மூளையின் இரண்டு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பை வெட்டிய நோயாளிகளை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். மொழி பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் சரிதான். அதிலிருந்து ஆட்களை இடது, வலது என்று பிரிப்பது சந்தையில் பிறந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் ஸ்கேன்களை 2013இல் பார்த்தபோது அப்படி எவரும் அகப்படவில்லை.

எனக்கு அனுப்பிய மூளைப் படத்தின் பிரதியைத் திருப்பிப் பார்த்தீர்களா, தெரியவில்லை. பின்பக்கம் முழுவதும் பென்சிலால் ஒரு கணக்கு: சாய்தளத்தில் வழுக்கும் ஒரு குற்றி, விசைகளுக்கு அம்புக்குறி, ஒரு முறையில் தொடங்கி வெட்டிவிட்டு வேறு முறையில் முடித்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு. உங்கள் கையெழுத்து இல்லை. நான் பௌதிகம் படித்து நாற்பது வருடமாகிறது, விடை சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழையைத் தானே கண்டு, வெட்டி, மறுபடி தொடங்கியவனைக் கவனமே இல்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூக்கக் கணக்கு

நீங்கள் எழுதிய நேரங்களை ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். கிழமை நாளில் 5.15க்கு எழுப்புகிறீர்கள். பாடசாலை 7.30க்கு. திங்கள், புதன், வெள்ளி ரியூஷன் இரவு 8.30 வரை. சனி முழு நாள். ஞாயிறு காலை 7 மணி. ஒரு நாள் இரவு 1.40க்குத் தண்ணீர் குடிக்க எழும்பியபோது, அவன் மேசையிலேயே தூங்கிப்போயிருந்தான், பேனை மை கன்னத்தில் ஒட்டியிருந்தது, போன் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 'பெரும்பாலும் இப்படித்தான்' என்றும். 1.40 தொடங்கி 5.15 வரை மூன்று மணித்தியாலமும் 35 நிமிடமும். 13 முதல் 18 வயதுவரை வேண்டியது 8 தொடங்கி 10 மணித்தியாலம்.

ஏழெட்டு மாதம் பாதித் தூக்கத்தில் ஓடும் எவருக்கும் சுவரைப் பார்ப்பது, எரிந்து விழுவது, சொன்னது ஏறாமல் போவது எல்லாம் வரும். போதாக்குறைக்கு, பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்கும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை நல வைத்தியர் சங்கம் 2014இல், மேல்வகுப்புகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. நம் பாடசாலை மணியை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஆனால் 'சோம்பேறி' என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

தூக்கம் படிப்பு நேரத்தைத் தின்கிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் வளர்க்கப்பட்டோம். 1994இல் எலிகளில் கண்டார்கள்: பகலில் ஓர் இடத்தைச் சுற்றித் திரிந்தபோது ஒன்றாகத் துடித்த ஹிப்போகாம்பஸ் கலங்கள், பிறகு தூங்கும்போது மறுபடி ஒன்றாகத் துடித்தன. பகல் பாடத்தை மூளை இரவில் மீட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தைப் பறித்துவிட்டு இன்னொரு வகுப்புக்கு அனுப்புவது, சிமெந்து காயமுன் அடுத்த மாடி கட்டுவது மாதிரி.

இணைந்த கணிதத்துக்கு இரண்டு ஆசிரியர்களிடம் அனுப்புகிறீர்கள். ஒன்றை விடுங்கள், எதை என்று அவன் சொல்லட்டும். இரவு 10.30க்கு விளக்கு அணைய வேண்டும். ஞாயிறு பின்னேரம் ஒன்றும் வேண்டாம். நிறுத்திவைத்த கிரிக்கெட்டை அதற்குள் போடுங்கள். படிக்கும் நேரத்தில் குறிப்பை நாலு தடவை வாசிப்பதைவிட, ஒரு தடவை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் செய்த பரிசோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். இதற்குத் தொப்பி தேவையில்லை. மூன்று நாலு வாரம் இப்படிப் போகட்டும்.

தூக்கம் மட்டுமில்லை என்றால்

இதை மட்டும் காத்திருக்காமல் செய்யுங்கள். தூக்கக் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் முகச்சாயல் ஒன்றுதான். கிரிக்கெட்டை நீங்கள் நிறுத்தினீர்களா, அவனாகவே விட்டானா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? நண்பர்கள் யாராவது விலகிப்போனார்களா? நேரம் கிடைத்தாலும் தூக்கம் வருவதில்லையா? 'இருந்து என்ன' என்ற மாதிரி எதுவும் சொல்கிறானா? நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. போதைப்பொருள் ஏதாவது பாவிக்கிறானா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது; பையைச் சோதிப்பதற்கு முன் கேட்டுப் பாருங்கள், பொலிஸ்காரர் மாதிரி இல்லாமல்.

உயிரை விடுவது பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழில் கதைக்கலாம். அப்படி அவசரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு தடவை காட்டி இரத்தச்சோகை, தைரொய்ட், கண்பார்வை மூன்றையும் பார்த்துவிடுங்கள். நாலு வாரத்தில் தெளிவு வராவிட்டால், அரச வைத்தியசாலை ஒன்றின் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். காசு இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும், காலை வெள்ளனவே போங்கள். 'மனநலம்' என்ற பலகைக்குக் கீழே யாராவது கண்டுவிடுவார்களோ என்று எழுதியிருந்தீர்கள். அங்கே உங்களைக் காண்பவரும் அதே வரிசையில்தான் நிற்பார்.

கட்டிய 25,000

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். நான் சட்டத்தரணி இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். அமர்வுகள் வேண்டாம், முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கதைத்ததற்குச் சாட்சி இருக்காது. அதே கடிதத்தில் மூன்று கேள்வி: ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்தவர் யார், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, மகனின் அசல் ஈ.ஈ.ஜி. பதிவின் பிரதி கிடைக்குமா. பதிவிலக்கம் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. என்னிடம் கேட்டாலும் நான் சொல்லத்தான் வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவாக வேண்டும். அதற்கென்று ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது, அங்கே முறையிடலாம். 'நாங்கள் வைத்திய நிலையமே இல்லை, பயிற்சி நிலையம்' என்று அவர்கள் சொன்னால், அப்போது நோயின் பெயரை எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம். காசு முழுவதும் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். வராவிட்டாலும் 25,000த்தோடு நிற்பது, அதைக் காப்பாற்றப் போய் 2,75,000ஐ விடுவதைவிட நல்லது.

கடைசியாக, ஓட்டோவில் அவன் சொன்ன வரி. 17 வயதுப் பிள்ளையின் தலையில் எதையும் மாட்டுவதற்கு முன் அவனுக்கு விளக்கி, சம்மதம் கேட்க வேண்டும். அதை அந்த நிலையத்தார் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை. "கேக்காம கூட்டிக்கொண்டு போனது பிழைதான், தம்பி" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், தேத்தண்ணி கொடுக்கும்போது, சாதாரணமாக. சொல்லிவிட்டுப் புத்திமதி எதுவும் சேர்க்காதீர்கள். அவன் உடனே ஏதும் சொல்லாமல் விடலாம், விடட்டும்.

படத்தின் பிரதியை உங்கள் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்துக் கணக்கு அவனுக்குத் தேவைப்படலாம்.